இஸ்திரி வண்டியில் தொங்கிய புகை நோட்டு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே கொடுங்கையூர் குப்பைமேடு தெரியும். சின்ன வயதில் அதை மலை என்றே நினைத்திருந்தேன். ஒருமுறை திருத்தணிக்குப் போனபோது, "இந்த மலையில ஏன்பா புகை வரலை?" என்று அப்பாவிடம் கேட்டேனாம். அம்மா இன்றும் அதை எல்லோரிடமும் சொல்வார். சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

250 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் மேடு அது. முப்பது வருடங்களுக்கும் மேலாக அங்கே குப்பை கொட்டுகிறார்கள். நாங்கள் வேலையைத் தொடங்கிய காலத்தில் சென்னைக்கு 15 மண்டலங்கள். அதில் திருவொற்றியூர் முதல் அம்பத்தூர், அண்ணா நகர் வரை 8 மண்டலங்களின் குப்பை எங்கள் பக்கம் வரும். மீதி பெருங்குடிக் குப்பைமேட்டுக்குப் போகும். அண்ணா நகரில் காலையில் ஒருவர் வாசலில் வைக்கிற பை மதியத்துக்குள் எங்கள் மேட்டில் கிடக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பை போகும் ஊரில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2021 மார்கழியில் ஒரு ராத்திரி என் தம்பிக்கு மூச்சு இழுத்தது. பனியோடு புகையும் மேலே போகாமல் தரையிலேயே படுத்துக்கிடந்த ராத்திரி. ஜன்னலை மூடி, இடுக்கில் ஈரத்துண்டு திணித்தும் வாடை உள்ளே வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் நெபுலைசர் வைத்தோம். "வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பீங்களா? கொசுவத்தி கொளுத்துவீங்களா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எந்த ஏரியா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகவே பேசினார். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று வரிசையாகக் கேட்டார். "எப்பவுமே வருது சார்" என்றேன். "எப்பவுமேன்னா நான் என்னம்மா எழுதிக்கிறது?" என்றார். போனை வைத்தபோது அவர்மேல்தான் ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட என்னிடம் பதில் இல்லை. இருபது வருடம் அந்தப் புகையைச் சுவாசித்திருக்கிறேன், ஒரு நாளின் கணக்குகூட என் கையில் இல்லை. எங்கள் வேலை அங்கே தொடங்கியது.

கல்லூரியில் படிக்கிறவர்கள், பாலிடெக்னிக் முடித்தவர்கள், டெலிவரி வேலைக்குப் போகிறவர்கள் என 14 பேர் சேர்ந்தோம். பெயர்ப்பலகை, பேனர், டீ ஷர்ட் எதுவும் வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்தோம். ஒரு நீளநோட்டு வாங்கிக் கோடு போட்டோம். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தத் தெரு, என்ன வாடை, காற்று எந்தப் பக்கம், உடம்புக்கு என்ன செய்தது. மொத்தம் ஏழு கட்டம்.

நோட்டை யார் வீட்டில் வைப்பது என்பதுதான் முதல் சிக்கல். என் வீட்டில் வைத்தால் நான் மட்டும்தான் எழுதுவேன். கடைசியில் தெருமுனை இஸ்திரிக்கார அண்ணன் அதைத் தீர்த்துவைத்தார். "இங்க மாட்டுங்கம்மா. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நான் இங்கதானே நிக்கிறேன்" என்று வண்டியின் கம்பியில் சணல் கயிறு கட்டி நோட்டைத் தொங்கவிட்டார். பேனாவையும் அதே கயிற்றில் முடிந்தார்.

அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். வெள்ளைச் சட்டையை விரித்துத் தண்ணீர் தெளிக்கும்போது அதன்மேல் கரித்தூள் வந்து உட்காரும். தட்டினால் போகாது, தேய்த்தால் கோடாக இழுக்கும். உங்கள் பெட்டிக் கரிதான் என்று சட்டைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒருநாள் இரண்டு கரியையும் விரல்நுனியில் எடுத்துக் காட்டினார். பெட்டிக்கரி மாவு மாதிரி உதிர்ந்தது. காற்றில் வந்தது மெல்லிய தோல் மாதிரி, விரலில் பிசுக்கென்று ஒட்டியது. எரிந்த பிளாஸ்டிக். "பார்த்தா தெரியாது, தொட்டாத்தான் தெரியும்" என்றார். அன்றிலிருந்து தூள் விழுந்தால் செல்லோ டேப்பில் ஒற்றியெடுத்து, அந்தத் தேதிக்கு நேரே நோட்டிலேயே ஒட்டினோம். பிற்பாடு மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரிகள் வேறு எதையும்விட அதிக நேரம் பார்த்தது அந்த டேப் துண்டுகளைத்தான்.

காற்றின் திசைக்கு எங்களிடம் கருவி கிடையாது. தெருமுனைக் கட்சிக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்போம். கொடி அசையாவிட்டால் "காற்று இல்லை" என்று எழுதுவோம். உண்மையில் அப்படிப்பட்ட ராத்திரிகள்தான் மோசம்.

வாடைக்குச் சொல் கண்டுபிடிப்பதில் கொஞ்சம் மெனக்கெட்டோம். "நாத்தம்" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் புரியாது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருந்த கிராமத்து மக்கள் 2004-லேயே இதைச் செய்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மூக்கால் முகர்ந்து, அழுகிய முட்டை வாடை, நெயில் பாலிஷ் வாடை என்று பிரித்து எழுதி, எந்த வாடை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கணக்கு வைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். படித்தபோது உடம்பு சிலிர்த்தது. எங்களுக்குப் பதினேழு வருடம் முன்னால், எங்களைவிட வசதி குறைந்தவர்கள் செய்த வேலை அது. நாங்களும் ஐந்து வாடைகளைப் பிரித்தோம்: எரியும் பிளாஸ்டிக், எரியும் ஒயர், ஊறின குப்பை, சாக்கடை, அழுகிய முட்டை. சாக்கடையைத் தனியாகப் பிரித்தது முக்கியம். பக்கத்திலேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. எல்லாவற்றையும் மேட்டின் தலையில் போட்டு ஒரு தப்பு கண்டுபிடிக்கப்பட்டால், மற்ற உண்மையும் சேர்ந்து அடிபட்டுப்போகும்.

பல மாத நோட்டைப் புரட்டியபோது ஒன்று புலப்பட்டது. மதியம் கடல்காற்று கிழக்கிலிருந்து திரும்பியதும் எங்கள் பக்கம் புகை. ஆனி, ஆடியில் மேல்காற்று வலுத்ததும் பெரும்பாலும் சுத்தம். அப்படியானால் அந்த மாதங்களில் புகை எங்கே போகிறது? கிழக்கே, தண்டையார்பேட்டைப் பக்கம். அங்கே போய்க் கேட்டோம். எங்களுக்கு நிம்மதியான நாட்களெல்லாம் அவர்களுக்கு மூச்சுத் திணறிய நாட்கள். இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒருவரை ஒருவர் தெரியாமலேயே தனித்தனியாக மனு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். "இப்ப குறைஞ்சிடுச்சே" என்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பதில் கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கே அந்தப் பக்கமும் ஒரு நோட்டு போட்டாயிற்று, ஒரு டீக்கடையில்.

இனி, நாங்கள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். இதை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

"எரியும் ஒயர்" என்ற வாடை நோட்டில் அடிக்கடி வந்தது, பெரும்பாலும் விடியற்காலையில். மேட்டில் குப்பை பொறுக்குகிறவர்கள் கேபிளை எரித்துச் செம்பு எடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதை வீடியோ எடுத்து, நடவடிக்கை எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதினோம். முதல் மனு. சுற்றுச்சூழலுக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பில் பெருமையாக இருந்தது. மறுவாரம் மேட்டில் நுழைய விடாமல் எல்லோரையும் விரட்டினார்கள். மூன்று நாள் யாருக்கும் வருமானம் இல்லை.

எங்களோடு இருந்த ஒரு தம்பி கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்குப் போனால் அவன் அம்மா வெளியே வந்தார். அவரும் மேட்டுக்குப் போகிறவர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவன் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அந்த அக்கா எங்களைத் திட்டவில்லை. கையை நீட்டிக் காட்டினார். விரல் இடுக்குகளில் கருகிய தோல். "ஒயர் எரிக்கிற புகை உங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள பாதி கரைஞ்சிடும். நான் குனிஞ்சு பக்கத்துல உக்காந்திருக்கேன். எனக்கு மட்டும் ஆசையாம்மா?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த மேட்டின் புகையை எங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் குடிப்பவர்கள்மேல் நாங்கள் புகார் எழுதியிருந்தோம். பெரிய தீ எங்கிருந்து வருகிறது என்றும் அவர்தான் சொல்லித் தந்தார். ஆழத்தில் காற்றுப் புகாமல் அழுகும் குப்பையிலிருந்து தீப்பிடிக்கும் மீத்தேன் வாயு கிளம்பும் என்று நாங்கள் புத்தகத்தில் படித்திருந்தோம். வெயில் காலத்தில் எந்தச் சரிவில் தரை சுடும், எங்கே கால் வைத்தால் உள்ளே புதையும், மேலே மண் கொட்டி அணைத்த பிறகும் எந்த இடத்தில் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும் என்பதெல்லாம் அவருக்குக் காலால் தெரியும். ஒயர் நெருப்பு அரைமணி நேரத்தில் அடங்கிவிடும். நோட்டில் ஐந்து மணி நேரம், எட்டு மணி நேரம் என்று பதிவான புகையெல்லாம் அந்தக் கனல்தான்.

மனுவைத் திரும்பப் பெற்றோம். அந்த அக்காக்களோடு உட்கார்ந்து பேசியதில் ஒரு வழி தெரிந்தது. கேபிளின் தோலை உரிக்கக் கையால் சுற்றுகிற சின்ன மெஷின் ஒன்று இருக்கிறது. எரித்த செம்பு கறுத்துப் போவதால் காயலான் கடையில் விலை குறைவு. உரித்த செம்பு பளபளவென்று இருப்பதால் விலை அதிகம். காசு போட்டு ஒரு மெஷின் வாங்கினோம். தடித்த கேபிளுக்கு நன்றாக வேலை செய்கிறது. சார்ஜர் ஒயர் மாதிரி மெல்லியதற்குச் சரிப்படாது, அதை இன்னமும் எரிக்கத்தான் செய்கிறார்கள். முழுத் தீர்வு இல்லை. ஆனாலும் விடியற்காலை வாடை குறைந்தது நோட்டிலேயே தெரிந்தது. குப்பை பொறுக்குவோரை அங்கீகரித்து வேலையில் இணைக்க வேண்டும் என்று 2016-ஆம் வருடத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன என்பதையும் அதற்குப் பிறகுதான் படித்தோம். அதை முதலில் படித்திருக்க வேண்டும்.

உங்கள் பகுதியில் இப்படி ஒன்றைத் தொடங்குவதாக இருந்தால், முதல் மனு எழுதுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். யாரைக் குற்றம் சொல்லப் போகிறீர்களோ, அவர்களில் மிக ஏழையான ஆள் யார் என்று பார்த்து, அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

அடுத்தது அளவீடு. சின்ன சென்சார் ஒன்றை இரவல் வாங்கி மாடியில் வைத்தோம். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு நம் நாட்டில் 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. கவனிக்க வேண்டியது "சராசரி" என்ற வார்த்தையை. ராத்திரி இரண்டு மணி நேரம் அளவு எகிறி, மீதி 22 மணி நேரம் கடல்காற்று அடித்தால், நாள் கணக்கில் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். மூச்சு இழுப்பவனுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் கணக்கு. அதனால் மணிவாரி அளவைத் தேடி எடுங்கள். கொடுங்கையூரிலும் மணலியிலும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் உண்டு. மணிவாரி விவரம் இணையத்தில் கிடைக்கும். அதையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எங்களுக்கே நம்பிக்கை வந்தது. விலை குறைந்த சென்சார்கள் ஈரக்காற்றில் அதிகமாகக் காட்டும், சென்னையில் இது பெரிய தொல்லை. எனவே அதன் எண்ணைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தகவல் உரிமை மனு பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். அடிபட்டு நாங்கள் கற்றதை மட்டும் சொல்கிறேன். "ஏன் புகையை அணைக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. காரணம் சொல்வது அவர்கள் கடமை இல்லை, கையிலுள்ள ஆவணத்தைத் தருவதுதான் கடமை. "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தீயணைப்புக்கு வந்த அழைப்புப் பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத்தபாலில் அனுப்பி, ரசீதை நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எங்கள் முதல் மனுவுக்குப் பதில் வரவில்லை. பரீட்சை நேரம், மேல்முறையீட்டுத் தேதியைத் தவறவிட்டோம், எல்லாம் முதலிலிருந்து. இப்போது அந்தத் தேதி எங்கள் வீட்டுக் காலண்டரில், கேஸ் புக் செய்த தேதிக்குப் பக்கத்தில் இருக்கும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றாலும் 6 மாதக் கெடு இருக்கிறது, ஆகவே வக்கீலைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒருமுறை ஒரு சேனலிலிருந்து வந்தார்கள். எதிர்வீட்டு ஆயா பேசும்போது இருமல் வந்தது. கேமராவில் அது சரியாக விழவில்லை போல. "இன்னொரு தடவை இருமுங்க பாட்டி" என்றார் அந்தப் பையன். ஆயா எங்களைப் பார்த்தார். எங்களுக்காக இருமினார். செய்தி வந்தது, கொஞ்சம் அசைவும் இருந்தது. ஆனால் அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. அப்புறம் ஒரு விதி வைத்தோம்: யாருடைய முகம், மருந்துச் சீட்டு, இன்ஹேலர் எதையும் அவர்கள் தனியாக உட்கார்ந்து சம்மதம் சொல்லாமல் வெளியே கொடுப்பதில்லை. பெரியவர்கள் நம்மேல் உள்ள பாசத்தில் சரி என்றுவிடுவார்கள். அந்தச் சரியை எடுத்துக்கொள்ளக் கூடாது.

14 பேர் 5 பேர் ஆனோம். வேலை, கல்யாணம், ஓசூருக்கு மாற்றல் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். முதலில் அது துரோகம் மாதிரி வலித்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆள் போனால் வேலை நிற்கிறது என்றால் வேலையைப் பிரித்த விதம்தான் தப்பு. நோட்டு எழுதுவதற்கு யாரும் ஆர்வலராக இருக்க வேண்டியதில்லை. சட்டை வாங்க வருகிறவர் எழுதலாம், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை எழுதலாம். ராத்திரிப் பதிவுகளில் முக்கால்வாசி வீட்டை விட்டு வெளியே வர அனுமதி இல்லாத பெண் பிள்ளைகள் மாடியிலிருந்து போனில் அனுப்பியவை. மறுநாள் காலையில் அண்ணன் பார்த்து நோட்டில் எழுதிவிடுவார். எந்தப் போராட்டப் புகைப்படத்திலும் அந்தப் பெண்கள் இருக்க மாட்டார்கள். அவர்கள் எழுதிய ராத்திரிகள் இல்லையென்றால் எங்கள் நோட்டில் பாதி வெற்றிடம்.

2022 நவம்பரில் நகரங்களில், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அடுத்தடுத்து நடந்தவற்றில் ஒன்றுக்கு நோட்டுகளோடு போனோம். பேசுவதற்கு என் பெயரைத்தான் கொடுத்திருந்தார்கள். நான் எழுந்து, என் நேரத்தை அந்த மேட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவர் மைக்கைத் தொடவில்லை. நோட்டைப் பிரித்து, கனல் இருக்கும் இடங்களைச் சொல்லி, அங்கே ராத்திரியில் ஒரு தண்ணீர் லாரி நிற்க வேண்டும், மழைக்கு முன்னால் சரிவில் மண் போட வேண்டும், அணைக்க வருகிறவர்களுக்கு வழி காட்ட எங்களில் இரண்டு பேரைக் கூலிக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மூன்றே கோரிக்கை வைத்தார். "மேட்டை மூடு" என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தியபோது தலையை ஆட்டிவிட்டுப் போனவர்கள், இதைக் குறித்துக்கொண்டார்கள். முதல் கோடைக்கு லாரி வந்தது. மண் பாதி போட்டார்கள். கூலி இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறது.

பழைய குப்பையைச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை இப்போது மேட்டில் நடக்கிறது. அதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கூடவே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலைத் திட்டமும் வந்திருக்கிறது. 2025 மே மாதம் வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து அது வேண்டாம் என்று மனிதச் சங்கிலி நடத்தினார்கள். நானும் கைகோத்து நின்றேன். மணலியின் தொழிற்சாலைகள், எண்ணூரின் நிலக்கரிச் சாம்பல், கடலில் கொட்டிய எண்ணெய் எல்லாவற்றையும் தாங்கியிருக்கும் பகுதிக்கு இன்னொரு புகைபோக்கியா என்பதுதான் எங்கள் கேள்வி. பிரித்துக் கொடுத்தால் மட்கும் குப்பை உரமாகும். மற்றதை அந்த அக்காக்களே எடுத்துப் பிழைப்பார்கள். அதற்கு அண்ணா நகரிலும் வீட்டிலேயே பிரிக்க வேண்டும்.

சங்கிலி முடிந்து திரும்பும்போது அக்கா கூட நடந்து வந்தார். குப்பையை எரித்தால் வரும் நஞ்சு, டையாக்சின் என்று மேடையில் சொன்னார்களே, அது எப்படி வாடை அடிக்கும் என்று கேட்டார். நம் மூக்குக்குத் தெரியாது அக்கா, கண்ணுக்கும் தெரியாது, ஆய்வகத்தில்தான் தெரியும் என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவர், "அப்ப அதை நோட்டுல எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?" என்றார்.

இஸ்திரி வண்டியில் இப்போது தொங்குவது நாலாவது நோட்டு. எட்டாவதாக ஒரு கட்டம் கோடு போட்டு வைத்திருக்கிறோம். அதற்குத் தலைப்பு இன்னும் எழுதவில்லை.